10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி சுடுதல்

10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி சுடுதல் என்பது அழுத்தப்பட்ட காற்றின் விசையால் ஈயக் குண்டைச் செலுத்தும் நீள்குழல் துப்பாக்கியைக் கொண்டு, 10 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கை நின்ற நிலையில் சுடும் விளையாட்டு ஆகும். பேச்சு வழக்கில் இது ஏர் ரைபிள் என்றே அறியப்படுகிறது. 1984ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சலஸ் போட்டிகள் முதல் ஆண், பெண் இருபாலருக்கும் இது ஒலிம்பிக் விளையாட்டாக உள்ளது. ஒலிம்பிக்கில் இந்தியர் ஒருவர் வென்ற முதலாவது தனிநபர் தங்கப் பதக்கம் இவ்விளையாட்டில் கிடைத்ததே ஆகும் (அபினவ் பிந்த்ரா, 2008).

துப்பாக்கி என்றவுடன் வெடிமருந்து, உரிமம், காவல் நிலையம் ஆகியன நினைவுக்கு வருவது இயல்பு. காற்றுத் துப்பாக்கியில் வெடிமருந்து இல்லை. போட்டிக்குரிய துப்பாக்கிக்கு இந்தியாவில் உரிமமும் தேவையில்லை. பள்ளி ஒன்றின் நீண்ட வகுப்பறையே சுடுதளமாக அமையலாம். ஆகவே துப்பாக்கி சுடும் விளையாட்டுகளுள் ஊர்ப்புற மாணவர் ஒருவருக்கு எட்டக்கூடியது இது ஒன்றே எனலாம். அவ்வாறிருந்தும் தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் நகரத்தோடு நின்றுவிட்டது. அதற்கான காரணங்கள் கீழே தனிப்பகுதியில் தரப்பட்டுள்ளன.

பிற துப்பாக்கி சுடும் விளையாட்டுகள்

துப்பாக்கி சுடும் விளையாட்டுகள் மூன்று பெரும் பிரிவுகளாக வகுக்கப்படுகின்றன. தோளில் அணைத்துச் சுடும் ரைபிள், ஒரு கையால் நீட்டிச் சுடும் கைத்துப்பாக்கி, பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் சிதறு குண்டுத் துப்பாக்கி என்பன அவை. ரைபிள் பிரிவில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியும், 5.6 மில்லிமீட்டர் (.22) தோட்டாவைப் பயன்படுத்தும் 50 மீட்டர் துப்பாக்கியும் முதன்மையானவை. 50 மீட்டர் பிரிவில் மண்டியிட்டும், படுத்தும், நின்றும் சுடும் மூன்று நிலைப் போட்டி ஒலிம்பிக்கில் உள்ளது. படுத்த நிலையில் மட்டும் சுடும் போட்டி 2016 ரியோ ஒலிம்பிக்கோடு கைவிடப்பட்டது.

ரைபிள் என்னும் பெயர் குழலின் உட்புறத்தில் திருகாணி போல் வெட்டப்பட்டிருக்கும் மரைகளைக் குறிக்கிறது. மரைகளின் ஊடே செல்லும் குண்டு சுழன்றுகொண்டே வெளியேறுவதால் தடுமாறாமல் நேராகப் பறக்கிறது. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதும் இதே இயற்பியல்தான்.

இலக்கின் அளவுகள்

இவ்விளையாட்டின் கடுமையை அதன் இலக்கின் அளவுகளைக் கொண்டே நன்கு உணரலாம். இலக்கின் மையத்திலுள்ள பத்துப் புள்ளி வட்டம் வெறும் 0.5 மில்லிமீட்டர் விட்டமுடைய ஒரு புள்ளி. ஒன்பது புள்ளி வட்டத்தின் விட்டம் 5.5 மி.மீ. ஒவ்வொரு வட்டமும் முந்தையதைவிட 5 மி.மீ. விட்டத்தால் பெரிதாகி, ஒரு புள்ளி வட்டம் 45.5 மி.மீ. அளவில் முடிகிறது. நான்கு முதல் உள்நோக்கிய வட்டங்கள் கறுப்பு நிறத்தில் அச்சிடப்பட்டிருக்கும். இக்கருவட்டத்தின் விட்டம் 30.5 மி.மீ. இலக்கின் மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும்.

அரை மில்லிமீட்டர் புள்ளியைச் சுடுவது எங்ஙனம் இயலும் எனும் ஐயம் எழலாம். குண்டின் விட்டம் 4.5 மி.மீ. அதன் விளிம்பு ஒரு வட்டத்தைத் தொட்டாலே அவ்வட்டத்தின் புள்ளி கிடைத்துவிடும். எனவே குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 2.5 மி.மீ. தொலைவுக்குள் விழுந்தால் பத்துப் புள்ளி. (குண்டின் ஆரம் 2.25, புள்ளியின் ஆரம் 0.25, கூட்டினால் 2.5.) முழு எண்களோடு நிற்காமல் பதின்மப் புள்ளிகளும் வழங்கப்படுகின்றன. ஒவ்வொரு 0.25 மி.மீ. நெருங்கும்போதும் 0.1 புள்ளி கூடி, உச்சமாக 10.9 வரை செல்லும்.

இதனைத் துப்பாக்கி முனையில் எண்ணிப் பார்க்கலாம். 10 மீட்டருக்கு அப்பால் 2.5 மி.மீ. விலகல் என்பது, தோளிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் தள்ளியுள்ள குழல் முனையில் 0.25 மி.மீ. அசைவு. ஓர் அஞ்சலட்டையின் தடிப்பளவு முனை விலகினால் பத்து கைவிட்டுப் போகும். நெஞ்சுத் துடிப்பே அவ்வளவு அசைவைத் தரவல்லது.

துப்பாக்கியும் குண்டும்

தொடக்கக் காலக் காற்றுத் துப்பாக்கிகள் சுருள்வில்லால் இயங்கின. வில்லை அழுத்திப் பூட்டி, விசையை இழுத்ததும் அது உந்துதண்டைத் தள்ளிக் காற்றை அழுத்தும். வில் விரியும் அதிர்ச்சி குண்டு வெளியேறும் முன்பே துப்பாக்கியை உலுக்கிவிடும் என்பது இதன் குறை. திருவிழாக்களில் பலூன் சுடும் கடைகளில் காணப்படுபவை இன்றும் இவ்வகையினவே. போட்டிகளில் இப்போது பயன்படுபவை குழலுக்குக் கீழே உருளை ஒன்றில் ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் முன்கூட்டியே காற்று அடைக்கப்பட்டவை. இவற்றில் அதிர்ச்சி மிகக் குறைவு. செருமனியின் வால்தர், பைன்வெர்க்பாவ், அன்சூட்சு ஆகியவை பெயர் பெற்ற தயாரிப்புகள்.

போட்டி விதிகளின்படி துப்பாக்கியின் எடை 5.5 கிலோகிராமுக்கு மேற்படக்கூடாது. தொலைநோக்கி வில்லைகள் பொருத்தக்கூடாது. பின்புறம் சிறு துளையுள்ள வட்டத்தகடும், முன்புறம் ஒரு வளையமும் குறிநோக்கிகளாக அமைகின்றன. துளையின் வழியே வளையத்தையும், வளையத்தின் நடுவே கருவட்டத்தையும் ஒரே மையத்தில் காண்பதே குறிபார்த்தல். கருவட்டத்தைச் சுற்றியுள்ள வெண்மையான இடைவெளி எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா என்றே கண் தேடுகிறது. மையப் புள்ளி அத்தொலைவில் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. வீரர் தாம் சுடும் புள்ளியைப் பார்த்துச் சுடுவதில்லை என்பது புதியவர்களுக்கு வியப்பளிக்கும் செய்தி.

குண்டு தட்டையான முகமும் ஒடுங்கிய இடையும் உடையது. எடை ஏறத்தாழ 0.53 கிராம். நொடிக்கு 170 மீட்டரை ஒட்டிய வேகத்தில் வெளியேறுகிறது. அதன் இயக்க ஆற்றல் 8 ஜூலுக்கும் குறைவு. 10 மீட்டரைக் கடக்க நொடியின் நூறில் ஆறு பங்கு ஆகிறது. அந்தச் சிறு இடைவெளிக்குள்ளும் புவியீர்ப்பால் குண்டு 17 மி.மீ. அளவு தாழ்கிறது. இது கருவட்டத்தின் ஆரத்தைவிட மிகுதி. இதனை ஈடுசெய்யவே குறிநோக்கிகள் திருத்தப்படுகின்றன.

ஆற்றல் குறைவு என்பதால் ஆபத்து இல்லை என்று கொள்ளலாகாது. கண்ணைப் பறிக்க இவ்வாற்றல் தாராளமாகப் போதும்.

நிற்கும் முறை

வலக்கைப் பழக்கமுள்ளவர் இலக்குக்கு இடப்பக்கத்தைக் காட்டி, கால்களைத் தோளகலத்துக்கு விரித்து நிற்பார். இடது முழங்கை விலா அல்லது இடுப்பெலும்பின் மீது ஊன்றப்படும். துப்பாக்கியின் எடையைத் தசைகள் தாங்கினால் அவை விரைவில் களைத்து நடுங்கும். எலும்புகள் தாங்கினால் நடுங்கா. ஆகவே முதுகைச் சற்றே பின்னோக்கி வளைத்து, கை, இடுப்பு, கால் என ஒரே தூண்போல எலும்புகளை அடுக்கிக்கொள்வதே நிலையின் அடிப்படை. ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட துப்பாக்கியை ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கி இறக்கும் விளையாட்டில் கைவலிமையைவிட இதுவே பயன்படுகிறது.

நிலை சரியாக அமைந்ததா என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. குறிபார்த்தபடி கண்களை மூடி, இரண்டு மூச்சு விட்டு, பின் திறந்து பார்க்க வேண்டும். துப்பாக்கி இலக்கைவிட்டு விலகியிருந்தால் கையால் தள்ளிச் சரிசெய்யக் கூடாது. பாதங்களை நகர்த்தியே திருப்ப வேண்டும். கையால் தள்ளப்பட்ட துப்பாக்கி, விசையை இழுக்கும் நொடியில் தன் பழைய திசைக்கே திரும்பிவிடும்.

மூச்சை வெளிவிட்டு, அடுத்த மூச்சை இழுப்பதற்கு முன் இயல்பாக ஏற்படும் அமைதியில் சுடுவது வழக்கம். இவ்வமைதி பத்து நொடிகளுக்குள் அடங்க வேண்டும். அதற்குமேல் நீட்டினால் கண்ணுக்குச் செல்லும் உயிர்வளி குறைந்து படிமம் மங்கும். அந்நேரத்துக்குள் சுட இயலாவிட்டால் துப்பாக்கியை இறக்கிவிடுவதே முறை. இறக்கத் தெரிந்தவர்தாம் நல்ல வீரர் என்பது பயிற்றுநர்களிடையே பரவலான கருத்து. விசையை வெடுக்கென இழுக்காமல் சீராக அழுத்தி, குண்டு சென்ற பின்னரும் ஓரிரு நொடிகள் அசையாமல் குறியையே நோக்கி நிற்க வேண்டும்.

பயிற்சி

பயிற்சியின் பெரும்பகுதி குண்டு இல்லாமலே நடைபெறுகிறது. பெரும்பாலான போட்டித் துப்பாக்கிகளில் காற்றைச் செலவிடாமல் விசையை மட்டும் இயக்கும் அமைப்பு உண்டு. இதனைக் கொண்டு வீட்டுச் சுவரில் ஒட்டிய சிறு கறுப்புப் புள்ளியை நோக்கிப் பழகலாம். இலக்கைச் சுருக்கிக்கொண்டால் மூன்று மீட்டர் நீளமுள்ள அறையும் போதும். (10 மீட்டரில் 30.5 மி.மீ. கருவட்டம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, 3 மீட்டரில் ஏறத்தாழ 9 மி.மீ. புள்ளி அவ்வளவு பெரிதாகத் தெரியும்.) குண்டு விழும் ஓசையும் புள்ளியைப் பற்றிய ஆவலும் இல்லாததால், விசையை அழுத்தும் கணத்தில் குழல் முனை எத்திசையில் துள்ளுகிறது என்பதை இப்பயிற்சியில் தெளிவாகக் காணலாம். தொடக்கத்தில் இது சலிப்பூட்டும். செலவில்லாத பயிற்சி என்பதால் பலர் இதனைத் தாழ்வாகக் கருதுவதும் உண்டு, அது சரியன்று.

வெற்றுச் சுவர்ப் பயிற்சி இதன் மற்றொரு வடிவம். புள்ளியே இல்லாத வெள்ளைச் சுவரை நோக்கிக் குறிநோக்கிகளை மட்டும் கவனித்தபடி விசையை இயக்குவர். புதியவர்களுக்கு இலக்கைத் திருப்பி வைத்து, வெற்று அட்டையின் பின்பக்கத்தில் சுடச் செய்வர். ஐந்து குண்டுகளும் எங்கே விழுந்தன என்பது பொருட்டன்று, அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்பதே பார்க்கப்படும். நெருக்கமாக விழும் குண்டுகளைக் குறிநோக்கியின் திருகைத் திருப்பி மையத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். சிதறி விழுபவற்றை எந்தத் திருகாலும் சேர்க்க முடியாது.

தேர்ந்த வீரர்கள் குழலில் ஒளியுணரி பொருத்தி, குறியின் அசைவைக் கணினித் திரையில் கோடாகக் காட்டும் கருவிகளைப் பயன்படுத்துகின்றனர். உருசியாவின் ஸ்காட் அவற்றுள் நன்கு அறியப்பட்டது. இது இல்லாதவர்க்கு ஒரு குறிப்பேடு போதும். ஒவ்வொரு குண்டுக்கும், திரையைப் பார்க்கும் முன்பே, அது எங்கே விழுந்திருக்கும் என்று எழுதிவிட்டுப் பிறகு ஒப்பிட வேண்டும். இரண்டும் பொருந்தத் தொடங்கினால் முன்னேற்றம் தொடங்கிவிட்டது எனலாம்.

கெட்டித் துணியாலும் தோலாலும் ஆன மேலங்கி, காற்சட்டை, தட்டையான அடியுள்ள காலணி ஆகியன உடலை நிலையாக வைக்க உதவுகின்றன. இவற்றின் தடிப்பும் விறைப்பும் போட்டிக்கு முன் அளந்து சோதிக்கப்படும். குளிர்நாடுகளில் உருவான இவ்வுடையோடு மதுரைச் சமவெளியின் சித்திரை வெயிலில், குளிரூட்டி இல்லாத அறையில் ஒரு மணி நேரம் நிற்பது எளிதன்று. வியர்வை குறிநோக்கியில் படிவதும் முகம் வழுக்குவதும் வழக்கமான தொல்லைகள். கோடையில் அதிகாலைப் பயிற்சியே ஏற்றது.

சுடுதளத்தின் ஒழுங்கு

சுடுதளத்தில் விளையாட்டைவிட ஒழுங்கே முதலில் கற்பிக்கப்படுகிறது. துப்பாக்கியின் முனை எந்நேரமும் இலக்கின் திசையிலேயே இருக்க வேண்டும். சுடும் நேரம் தவிரப் பிற நேரங்களில் பூட்டு திறந்து, குழலின் ஊடே பளிச்சென்ற நிறமுள்ள பாதுகாப்பு இழை செருகப்பட்டிருக்க வேண்டும். குழலில் குண்டு இல்லை என்பதற்குக் கண்ணால் காணும் சான்று அவ்விழை. நடத்துநர் நிறுத்துமாறு கட்டளையிட்டால் குறியில் இருந்தாலும் உடனே நிறுத்த வேண்டும். இலக்குப் பக்கம் எவரேனும் செல்லும்போது துப்பாக்கியைத் தொடவே கூடாது. காலியாக இருக்கிறது என்று தெரிந்த துப்பாக்கியையும் மனிதரை நோக்கித் திருப்புவது, அனுபவம் மிக்கவராயினும், வெளியேற்றத்துக்குரிய குற்றம்.

குண்டுகள் ஈயத்தால் ஆனவை. குண்டைக் கையாண்ட பின் கையைக் கழுவாமல் உண்பதும், குண்டுகளை வாயில் வைத்துக்கொள்வதும் நஞ்சாகும். பிந்தைய பழக்கம் பலூன் கடைகளில் காணப்படுவது.

போட்டி

தகுதிச் சுற்றில் 15 நிமிட ஆயத்தத்துக்குப் பின் 60 குண்டுகளை 75 நிமிடங்களில் சுட வேண்டும். பதின்மக் கணக்கில் உச்சப் புள்ளி 654. பெண்களுக்கு முன்னர் 40 குண்டுகளாக இருந்தது 2018 முதல் 60 ஆக்கப்பட்டது. முதல் எட்டு பேர் இறுதிச் சுற்றுக்குச் செல்வர். இறுதியில் 24 குண்டுகள். இடையிடையே கடைசி இடத்திலுள்ளவர் வெளியேற்றப்படுவார். ஆணும் பெண்ணும் இணைந்த கலப்பு அணிப் போட்டி டோக்கியோ ஒலிம்பிக்கில் அறிமுகமானது.

முழு எண் கணக்கு நடைமுறையில் இருந்த காலத்தின் புகழ்பெற்ற இறுதிச் சுற்று 2008 ஆகத்து 11 அன்று பெய்சிங்கில் நடைபெற்றது. தகுதிச் சுற்றில் 600க்கு 596 பெற்று நான்காம் இடத்தில் நுழைந்த பிந்த்ரா, இறுதிச் சுற்றின் பத்துக் குண்டுகளில் படிப்படியாக முன்னேறினார். ஒன்பது குண்டுகள் முடிந்தபோது அவரும் பின்லாந்தின் என்றி ஆக்கினெனும் 689.7 என்ற ஒரே புள்ளியில் நின்றனர். கடைசிக் குண்டில் ஆக்கினென் 9.7 எடுத்தார், பிந்த்ரா 10.8 எடுத்து 700.5 புள்ளிகளுடன் தங்கம் வென்றார். ஆக்கினெனுக்கு வெண்கலமே கிடைத்தது. சீனாவின் சூ சினான் 699.7 பெற்று வெள்ளியைக் கொண்டு சென்றார்.

இந்தியாவில் வளர்ச்சி

இந்தியத் தேசிய ரைபிள் சங்கம் 1951இல் அமைக்கப்பட்டது. மக்களவையின் முதல் அவைத்தலைவர் ஜி. வி. மாவ்லங்கர் அதனை நிறுவியவர்களுள் முதன்மையானவர். தேசியப் போட்டிக்கான தகுதிப் போட்டி ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. நெடுங்காலம் இவ்விளையாட்டு அரச குடும்பத்தினர், படையினர் ஆகியோரிடையே மட்டும் இருந்தது. பீகானேரின் கர்ணி சிங் 1960க்கும் 1980க்கும் இடையில் ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்றார். அவர் சுட்டது களிமண் தட்டுகளை.

காற்றுத் துப்பாக்கியின் பரவல் இந்நிலையை மாற்றியது. அஞ்சலி பாகவத் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றை எட்டினார். பிந்த்ரா 2006இல் சாகிரேப் நகரில் உலக வாகையரானார். ககன் நரங் 2012 இலண்டனில் 701.1 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றார். 2022இல் கெய்ரோவில் உருத்ராங்ச் பாட்டீல் உலக வாகையரானார். 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை 2024இல் பாரிசில் மகாராட்டிரத்தின் ஸ்வப்னில் குசாலே பெற்றார். அவர் கோலாப்பூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர்.

தமிழ்நாட்டில்

ககன் நரங் 1983இல் சென்னையில் பிறந்தவர். ஆனால் வளர்ந்ததும் பயின்றதும் ஐதராபாத்தில். இளவேனில் வாலறிவன் 1999இல் கடலூரில் பிறந்தவர். துப்பாக்கியைக் கையில் எடுத்தது குடும்பம் குடிபெயர்ந்த குசராத்தில். இளவேனில் 2019இல் ரியோ டி செனீரோ உலகக் கோப்பையிலும், அதே ஆண்டு சீனாவின் புதியான் நகரில் நடந்த உலகக் கோப்பை இறுதியிலும் தங்கம் வென்றார். 2023இல் ரியோவில் மீண்டும் தங்கம் பெற்றார். டோக்கியோ, பாரிசு ஆகிய இரு ஒலிம்பிக் போட்டிகளிலும் இந்தியாவைச் சார்ந்து பங்கேற்றார். பாரிசில் பத்தாம் இடம் பெற்று இறுதிச் சுற்றைச் சிறு இடைவெளியில் இழந்தார். இவ்விருவரும் தமிழ்நாட்டில் பிறந்து வெளியே உருவானவர்கள் என்பது கருதத்தக்கது. தமிழ்நாட்டு வீராங்கனை நர்மதா நிதின் 2023 கெய்ரோ உலகக் கோப்பையில் உருத்ராங்ச் பாட்டீலுடன் இணைந்து கலப்பு அணித் தங்கம் வென்றார்.

சென்னை, கோயம்புத்தூர், திருச்சி, மதுரை முதலிய நகரங்களில் ரைபிள் கிளப்புகள் உள்ளன. இவற்றுள் சில காவல்துறையின் துணையோடு இயங்குபவை. 2022 சூலையில் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித் குமார் பங்கேற்றது இவ்விளையாட்டைப் பற்றிப் பலர் முதன்முறையாகக் கேள்விப்படக் காரணமாயிற்று.

கல்லூரி மாணவர் பலர் துப்பாக்கியை முதலில் தொடுவது தேசிய மாணவர் படையில்தான். 1948இல் தொடங்கப்பட்ட இப்படையின் முகாம்களில் .22 ரைபிளால் படுத்த நிலையில் சுடப் பயிற்சி தரப்படுகிறது. ஐந்து குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதே அங்கும் மதிப்பிடப்படும். ஆனால் முகாம் முடிந்ததும் தொடர்ந்து பழக இடம் இல்லாமையால் பெரும்பாலோரின் பயிற்சி அத்தோடு நின்றுவிடுகிறது.

ஊர்ப்புறத்தில் உள்ள தடைகள்

எடுத்துக்காட்டாக மதுரை மாவட்டத்தின் டி. கல்லுப்பட்டியைக் கொள்ளலாம். திருமங்கலத்திலிருந்து இராசபாளையம் செல்லும் சாலையில் அமைந்த இப்பேரூராட்சி, காந்திநிகேதன் ஆசிரமத்தாலும் பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளில் வாழ்ந்த இடம் என்பதாலும் அறியப்பட்டது. மதுரை நகரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பள்ளி முடிந்து பேருந்தில் மதுரை சென்று, ஒரு மணி நேரம் பழகி, திரும்புவதற்குள் மாணவருக்கு இரவாகிவிடும். வாரத்தில் நான்கு ஐந்து நாள் பழக வேண்டிய விளையாட்டில் இத்தொலைவே முதல் தடை.

இரண்டாவது தடை செலவு. வெளிநாட்டுப் போட்டித் துப்பாக்கியின் விலை இலட்சங்களில் அமைகிறது. மேலங்கி முதலிய உடைகளுக்குத் தனியே செலவுண்டு. இந்தியத் தயாரிப்புகள் விலை குறைந்தவை. தொடக்கநிலைப் பயிற்சிக்குப் போதுமானவை. கிளப்புக்குச் சொந்தமான இரண்டு மூன்று துப்பாக்கிகளைப் பலர் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதே நடைமுறைக்கு உகந்தது. பின்கட்டையின் நீளத்தையும் கன்னத் தாங்கியின் உயரத்தையும் ஆளுக்கேற்ப மாற்றிக்கொள்ளும் வசதி இத்துப்பாக்கிகளில் உண்டு.

சுடுதளம் அமைப்பது இவற்றோடு ஒப்பிட எளிது. 50 மீட்டர் தளத்துக்குத் திறந்த நிலம், தடுப்பு மேடு, பாதுகாப்புச் சுவர்கள், அரசு ஒப்புதல் ஆகியன வேண்டும். 10 மீட்டர் தளத்துக்கு 14 அல்லது 15 மீட்டர் நீளமுள்ள, பக்கக் கதவுகள் பூட்டப்படக்கூடிய ஓர் அறை போதும். ஒரு வீரருக்கு ஒரு மீட்டர் அகலம், குண்டு தெறிக்காமல் தாங்கும் எஃகுப் பெட்டி, இலக்கின்மேல் 1500 லக்ஸ் ஒளி ஆகியன தேவை. மின்னணு இலக்கு இல்லாவிடில் அட்டை இலக்கும் கயிற்றில் நகரும் தாங்கியும் பயன்படும். தளத்தைவிடக் கிடைத்தற்கரியவர் தகுதி பெற்ற பயிற்றுநரே. அவர் இல்லாமல் துப்பாக்கிகளை மட்டும் வாங்கி வைப்பது வீண்செலவும் ஆபத்தும் ஆகும்.

சட்டம்

இந்தியாவில் சுடுகருவிகள் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தாலும், 1962ஆம் ஆண்டு விதிகளுக்கு மாற்றாக வந்த 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளாலும் கட்டுப்படுத்தப்படுகின்றன. குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கும், ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்பட்ட காற்றுத் துப்பாக்கிகளுக்கு உரிமம் வேண்டும். ஒலிம்பிக் வகைத் துப்பாக்கி இவ்விரு வரம்புகளுக்கும் உட்பட்டது. மேலே கணக்கிட்டபடி அதன் ஆற்றல் வரம்பில் பாதியைக்கூட எட்டுவதில்லை.

.22 ரைபிளுக்கு உரிமம் தேவை. உரிமம் பெறக் குறைந்த வயது 21. எனினும் 12 வயது நிரம்பியவர் பயிற்றுநரின் நேரடிக் கண்காணிப்பில் இலக்குப் பயிற்சி பெற விதிகள் இடமளிக்கின்றன. ஒருவர் வைத்திருக்கக்கூடிய சுடுகருவிகளின் எண்ணிக்கையை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. அங்கீகரிக்கப்பட்ட ரைபிள் கிளப்பில் .22 ரைபிளாலோ காற்றுத் துப்பாக்கியாலோ இலக்குப் பயிற்சி செய்யும் உறுப்பினருக்கு இவ்வரம்பு பொருந்தாது எனச் சட்டமே விலக்களித்துள்ளது.

உரிமம் தேவையில்லை என்பது எங்கும் எதையும் சுடலாம் என்று பொருள்படாது. கண்மாய்க் கரைகளில் கொக்கு, நாரை, மடையான், மயில் முதலியவற்றைக் காற்றுத் துப்பாக்கியால் சுடும் பழக்கம் தென் மாவட்டங்களில் முற்றிலும் மறையவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இது தண்டனைக்குரிய வேட்டையாகும். இப்பழக்கத்தையும் இவ்விளையாட்டையும் ஒன்றாகக் கருதியே பல பெற்றோர் பிள்ளைகளைத் தடுக்கின்றனர். விளையாட்டுக்கு இதனால் ஏற்படும் இழப்பு சிறிதன்று. மொட்டை மாடியிலோ தெருவிலோ பழகுவதும் கூடாது. தடுப்புப் பெட்டியைத் தவறும் குண்டு 10 மீட்டரோடு நின்றுவிடுவதில்லை.

மாற்றுத்திறனாளர் போட்டிகள்

கால் ஊனமுற்றோர் சக்கர நாற்காலியிலோ உயர்ந்த இருக்கையிலோ அமர்ந்து சுடும் பிரிவு பாராலிம்பிக்கில் உள்ளது. கைகளால் துப்பாக்கியின் எடையைத் தாங்க இயலாதவர்க்குச் சுருள்வில் பொருத்திய தாங்கி அனுமதிக்கப்படும் தனிப்பிரிவும் உண்டு. இலக்கும் தொலைவும் இவர்களுக்கும் அவையே. இராசத்தானின் அவனி லெகாரா பதினோராம் வயதில் சாலை விபத்தில் முதுகுத் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர். 2021இல் நடந்த டோக்கியோ பாராலிம்பிக்கில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பிரிவில் 249.6 புள்ளிகள் பெற்று, பாராலிம்பிக் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண்ணானார். 2024இல் பாரிசிலும் அதே பிரிவில் 249.7 புள்ளிகளுடன் மீண்டும் தங்கம் வென்றார்.